ஃபியட் 500: முகம் 1957, உள்ளே இருப்பது எந்த என்ஜின்?

இத்தாலியின் டூரினில் மேல்படிப்பு படிக்கும் ஒரு தம்பியின் கேள்வி இது. ஃபியட் 500 என்கிற குட்டிக் கார் ஒன்றை செகண்ட்ஹேண்டில் வாங்கப்போகிறார், பட்ஜெட்டுக்குள் நான்கு வண்டி பார்த்து வைத்திருக்கிறார். 2011 மாடல் 1.2 பெட்ரோல் மேனுவல், 2013 மாடல் 0.9 ட்வின்ஏர் மேனுவல், 2010 மாடல் 1.3 டீசல், அப்புறம் 2014 மாடல் 1.2 "டூயலாஜிக் ஆட்டோமேட்டிக்". ஓட்டம் பெரும்பாலும் ஊருக்குள்தான், மாதத்தில் இரண்டு தடவை மிலான் போய் வர வேண்டும். நியூ ஜெர்சியில் இருக்கும் மாமா மகன், "ஆட்டோமேட்டிக்கையே எடு, நான் அதே வண்டியை ஆறு வருஷம் வைத்திருந்தேன், ஒரு தொந்தரவும் இல்லை" என்றாராம். எதை எடுப்பது?

அவசரத்தில் இருப்பவர்களுக்கு: 1.2 மேனுவல். ஏன் என்று தெரிந்துகொள்ள நேரம் இருந்தால் தொடர்ந்து படியுங்கள், ஏனென்றால் இந்த நான்கும் வெளியிலிருந்து பார்க்க ஒரே வண்டி, உள்ளே நான்கு வெவ்வேறு வண்டிகள். மாமா மகன் வைத்திருந்தது ஐந்தாவது வண்டி. அதற்குக் கடைசியில் வருகிறேன்.

முதலில் கொஞ்சம் பழைய கதை, ட்வின்ஏரைப் பற்றிப் பேச அது வேண்டும். அசல் 500, அதாவது "நுவோவா 500", 1957 ஜூலை 4 அன்று வெளிவந்தது. வடிவமைத்தவர் தாந்தே ஜாக்கோசா. வண்டியின் மொத்த நீளமே 3 மீட்டருக்குள். என்ஜின் பின்னால், ரெண்டே சிலிண்டர், 479 சிசி, காற்றால் குளிரும் வகை, ஆரம்பத்தில் 13 குதிரைத்திறன், நன்றாக மிதித்தால் மணிக்கு 85 கிலோமீட்டர். சாவியைத் திருப்பினால் ஸ்டார்ட் ஆகாது. கியர் கம்பிக்குப் பின்னால் தரையில் இரண்டு குட்டி நெம்புகோல்கள் இருக்கும், ஒன்று சோக், இன்னொன்று ஸ்டார்ட்டர், அதைக் கையால் இழுத்துப் பிடிக்க வேண்டும். நான்கு கியர், எதற்கும் சிங்க்ரோமெஷ் கிடையாது, அதாவது மாற்றும்போது பல் சக்கரங்களின் வேகத்தைத் தானாகச் சமன் செய்யும் ஏற்பாடு இல்லை. நம் ஊரில் பழைய லாரி ஓட்டியவர்கள் "டபுள் கிளட்ச்" என்பார்களே, அதேதான்: கிளட்சை மிதித்து நியூட்ரலுக்கு வந்து, கிளட்சை விட்டு, இறங்கும்போது ஒரு சின்ன ரேஸ் கொடுத்து, திரும்ப மிதித்து அடுத்த கியர். நான் ஒரு தடவை தெரிந்தவர் ஒருவரின் 1968 வண்டியை ஓட்டினேன். மூன்றிலிருந்து இரண்டுக்கு இறங்குகிற இடத்தில் அவசரப்பட்டேன், கியர் பாக்ஸ் பல்லைக் கடித்த சத்தத்தில் நடைபாதையில் காபி குடித்துக்கொண்டிருந்த கிழவர் தலையை நிமிர்த்திப் பார்த்தார். வண்டிக்காரர் ஒன்றும் சொல்லவில்லை, கண்ணை மட்டும் மூடிக்கொண்டார்.

இந்தச் சிங்க்ரோ இல்லாத பெட்டியோடேயே அந்த வண்டி 1975 வரை ஓடியது என்பது வேடிக்கை. கடைசி மாடலில் 594 சிசி என்ஜின் வந்தது, கியர் பாக்ஸ் மட்டும் மாறவே இல்லை.

சரியாக 50 வருஷம் கழித்து, 2007 ஜூலை 4 அன்று, அதே டூரினில் புதிய 500-ஐக் கொண்டுவந்தார்கள். உருண்டை விளக்கு, மீசை மாதிரியான குரோம் பட்டை, டேஷ்போர்டில் வண்டியின் நிறத்திலேயே ஒரு பட்டை எல்லாம் 1957-இன் நகல். ஆனால் அடியில் இருப்பது ஃபியட் பாண்டாவின் உடம்பு. என்ஜின் முன்னால் குறுக்காகப் படுத்திருக்கிறது, இழுப்பது முன் சக்கரம். "அப்படியானால் பழைய 500-க்கும் இதற்கும் சம்பந்தமே இல்லையா" என்று கேட்பவர்களுக்கு நான் சொல்வது, சம்பந்தம் இருக்கிறது, ஆனால் முகத்தில் இல்லை, கியர் பாக்ஸில் இருக்கிறது. 1959-இல் வந்த பிரிட்டிஷ் மினியில் அலெக் இசிகோனிஸ் கியர் பாக்ஸை என்ஜினுக்கு அடியில், ஆயில் தொட்டிக்குள்ளேயே வைத்தார். இரண்டுக்கும் ஒரே ஆயில். இடம் மிச்சம்தான், ஆனால் கியர் அரைத்துக் கழிக்கும் இரும்புத்தூள் என்ஜின் ஆயிலில் கலக்கும். ஜாக்கோசா வேறு வழி பிடித்தார். என்ஜினைக் குறுக்கே வைத்து, அதன் ஒரு முனையில் கிளட்ச், அதற்குப் பக்கத்தில் தனி ஆயிலோடு கியர் பாக்ஸ், அங்கிருந்து இரு பக்கமும் ஒன்று நீளம் ஒன்று குட்டை என இரண்டு டிரைவ் ஷாஃப்ட். இதை 1964-இல் ஆட்டோபியாங்கி பிரிமுலாவில் சோதித்துப் பார்த்து, 1969-இல் ஃபியட் 128-க்குக் கொண்டுவந்தார்கள். இன்றைக்கு ரோட்டில் ஓடும் சின்னக் கார்களில் ஏறக்குறைய எல்லாமே, உங்கள் அப்பாவின் மாருதி உட்பட, இந்த அமைப்புதான். ஆகவே புதிய 500-இன் முகம் ஜாக்கோசாவின் 1957, உள்ளடக்கமும் ஜாக்கோசாதான், ஆனால் 1964.

சரி, இப்போது உங்கள் நான்கு வண்டிகள்.

1.2 பெட்ரோல். இதன் குடும்பப் பெயர் "ஃபயர்". நெருப்பு இல்லை, ரோபோக்களை வைத்து முழுக்கக் கோர்க்கப்பட்ட என்ஜின் என்று பொருள் தரும் ஒரு நீளமான பெயரின் முதலெழுத்துகள். 1985-இல் ஆட்டோபியாங்கி ஒய்10-இல் 999 சிசியாக அறிமுகமான குடும்பம் இது, இத்தாலியின் டெர்மோலி ஆலையில் பிறந்தது. 500-இல் இருப்பது எட்டு வால்வு, 69 குதிரைத்திறன், நிமிடத்துக்கு 3000 சுற்றில் 102 நியூட்டன் மீட்டர் இழுவை. காகிதத்தில் 0-விலிருந்து 100-க்கு 12.9 வினாடி, அதிகபட்சம் 160. இந்த எண்களைப் பார்த்து யாரும் மயங்க மாட்டார்கள். ஆனால் வண்டியின் எடை 865 கிலோதான், அதனால் ஊருக்குள் இந்த என்ஜின் திணறாது. டர்போ இல்லை, நேரடி இன்ஜெக்ஷன் இல்லை, உதறலை வாங்கிக்கொள்ளும் ஸ்பிரிங் வைத்த இரட்டைச் சக்கரமான டூயல் மாஸ் ஃப்ளைவீல் இல்லை. கெட்டுப்போக அதில் பொருளே குறைவு. பாண்டாவில் இதே என்ஜின், லான்சியா இப்சிலோனில் இதே என்ஜின், போலந்தின் டிகி ஆலையில் 500-ஓடு ஒரே கூரையின்கீழ் தயாரான ஃபோர்டு காவிலும் இதே என்ஜின். இத்தாலியில் எந்தச் சந்தில் இருக்கும் மெக்கானிக்கும் இதைக் கண்ணை மூடிக்கொண்டு பிரிப்பார், பாகமும் எல்லா இடத்திலும் கிடைக்கும். மாணவருக்கு இதைவிடப் பெரிய குதிரைத்திறன் எதுவும் இல்லை.

குறை என்ன? இழுவை. ஐந்து கியர்தான். மிலான் போகும் ஏ4 நெடுஞ்சாலையில் 130-இல் போனால் என்ஜின் சத்தமாகக் கத்தும், ரேடியோவைக் கூட்ட வேண்டிவரும். முன்னால் போகிற லாரியைத் தாண்ட ஐந்திலிருந்து நான்குக்கு, சமயத்தில் மூன்றுக்கே இறங்க வேண்டும். டூரினில் போ ஆற்றைத் தாண்டி சூப்பெர்கா மேட்டுப் பக்கம் நாலு பேரை ஏற்றிக்கொண்டு போனால், இரண்டாவது கியரும் நீங்களும் நெருங்கிய நண்பர்களாகிவிடுவீர்கள். ஆனால் அந்த கியர் கம்பி ஒரு சுகம். தரையில் இல்லாமல் டேஷ்போர்டின் அடியில் உயரமாக, ஸ்டியரிங்குக்கு ஒரு சாண் தள்ளி இருக்கும். கையை இறக்காமலே விரல் நுனியில் மாற்றலாம். பாண்டாவிலிருந்து வந்த ஏற்பாடுதான், ஊருக்குள் ஒரு நாளைக்கு நூறு தடவை கியர் மாற்றுகிறவனுக்கு அதன் அருமை தெரியும்.

இந்த என்ஜினில் ஒன்றே ஒன்றைப் பார்க்க வேண்டும், பிஸ்டனையும் வால்வையும் ஒரே தாளத்தில் ஓட வைக்கும் ரப்பர் பட்டையான டைமிங் பெல்ட். ரப்பர் கிலோமீட்டரால் மட்டும் கெடாது, வயசாலும் கெடும். 2011 வண்டி, 92,000 ஓடியிருக்கிறது என்கிறீர்கள், விற்பவர் "இன்னும் ஓட்டம் இருக்கிறது, அவசரமில்லை" என்று சொல்லக்கூடும். அதை நம்பாதீர்கள். பழைய ஃபயர் என்ஜின்களில் பெல்ட் அறுந்தாலும் பிஸ்டன் வால்வைத் தொடாது என்று ஒரு பேச்சு உண்டு. அந்தப் பேச்சை வைத்துச் சூதாட வேண்டாம், அறுந்தால் வால்வு வளையும் என்றே வைத்துக்கொண்டு மாற்றிவிடுங்கள். பெல்ட், டென்ஷனர், வாட்டர் பம்ப் மூன்றையும் சேர்த்து. தனித்தனியாக மாற்றினால் கூலியை இரண்டு தடவை கொடுக்க வேண்டிவரும்.

அடுத்தது ட்வின்ஏர். இங்கேதான் எனக்குப் பேச நிறைய இருக்கிறது, மன்னிக்கவும்.

2010-இல் இந்த என்ஜினை 500-இல் வைத்தபோது பலர் சிரித்தார்கள், கார் நிறுவனம் ஒன்று மறுபடி ரெண்டு சிலிண்டருக்குப் போகிறதே என்று. 875 சிசி, டர்போ, 85 குதிரைத்திறன், 1900 சுற்றிலேயே 145 நியூட்டன் மீட்டர். 2011-இல் சர்வதேச அளவில் ஆண்டின் சிறந்த என்ஜின் விருது இதற்குத்தான் போனது. இதில் உண்மையான புதுமை வால்வுகளை இயக்கும் விதத்தில் இருக்கிறது, "மல்டிஏர்" என்று பெயர். சாதாரண என்ஜினில் கேம் ஷாஃப்ட் சுழன்று வால்வை நேரடியாக அமுக்கும். எவ்வளவு நேரம், எவ்வளவு ஆழம் என்பதெல்லாம் கேமில் கடைந்த வடிவத்திலேயே நிர்ணயமாகிவிடும். மல்டிஏரில் கேம் வால்வைத் தொடுவதில்லை. அது ஒரு குட்டிப் பிஸ்டனை அமுக்குகிறது, அந்தப் பிஸ்டன் ஒரு துளையில் நிற்கும் என்ஜின் ஆயிலைத் தள்ளுகிறது, ஆயில் போய் இன்டேக் வால்வைத் திறக்கிறது. நடுவில் மின்சாரத்தால் திறந்து மூடும் ஒரு சொலினாய்டு வால்வு. அது மூடியிருந்தால் கேம் சொல்வது அப்படியே வால்வுக்குப் போகும். அது திறந்துவிட்டால் ஆயில் பக்கவாட்டில் கசிந்துவிடும், இன்டேக் வால்வு பாதியிலேயே மூடிக்கொள்ளும். இப்படி ஒவ்வொரு சுற்றிலும் உள்ளே எவ்வளவு காற்று வர வேண்டும் என்பதை வால்வை வைத்தே முடிவு செய்யலாம், திராட்டில் தகட்டை வைத்துக் காற்றின் கழுத்தை நெரிக்க வேண்டிய வேலை பெரும்பாலும் இல்லை. நெரிக்காவிட்டால் என்ஜினுக்கு மூச்சு வாங்கும் சிரமம் குறையும், அந்தளவு பெட்ரோல் மிச்சம்.

புரிந்திருக்கும், இந்த என்ஜினில் ஆயில் வெறும் மசகு இல்லை, வால்வைத் திறக்கும் கையே அதுதான். ஆயில் கெட்டியாகிப் போனால், தரம் தவறினால், நேரத்துக்கு மாற்றாமல் விட்டால், உள்ளே இருக்கும் சின்ன வடிகட்டி அடைத்தால், கை தடுமாறும். "என்ன ஆயில் ஊற்றினால் என்ன" என்று நினைக்கும் ஆள் கையில் இருந்த ட்வின்ஏரை இலவசமாகக் கொடுத்தாலும் நான் தொட மாட்டேன்.

சத்தம். இரண்டு பிஸ்டனும் ஒன்றாக ஏறி ஒன்றாக இறங்கும், ஒரு சுற்றுக்கு ஒரு வெடிப்பு. 1957 என்ஜினும் இப்படியேதான் இருந்தது. இரண்டும் சேர்ந்து குதித்தால் வண்டி உதறும் என்பதால் ட்வின்ஏரில் எதிர்த்திசையில் சுழலும் ஒரு பாலன்ஸ் ஷாஃப்ட் வைத்திருக்கிறார்கள், கிளட்ச் பக்கம் டூயல் மாஸ் ஃப்ளைவீல். அப்படியும் 1500 சுற்றுக்குக் கீழே வைத்து மெதுவாக ரேஸ் கொடுத்தால் ஸ்டியரிங் உள்ளங்கையில் லேசாகத் துடிக்கும், புல்லட்டில் டாப் கியரில் ஊர்ந்தால் வருமே, அந்த மாதிரி. 2000-ஐத் தாண்டினதும் சட்டென்று மாறும், "படபட" என்று ஒரு துடிப்பான சத்தம், முதுகில் கை வைத்துத் தள்ளுகிற மாதிரி ஒரு பிக்கப். 500-இன் முகத்துக்குப் பொருந்துகிற ஒரே குரல் இதுதான் என்பது என் தனிப்பட்ட கட்சி. 1.2 என்ஜின் சத்தம் எந்த வண்டிக்கும் பொருந்தும், அதனாலேயே அதை யாரும் ஞாபகம் வைத்துக்கொள்வதில்லை.

ஆனால் மைலேஜ் விஷயத்தில் ட்வின்ஏர் ஏமாற்றும். காகிதத்தில் 100 கிலோமீட்டருக்கு 4.1 லிட்டர், அதாவது லிட்டருக்கு 24-க்கு மேல். நான் ஓட்டியபோது ஊருக்குள் 15, 16 வந்ததே பெரிய பாடு. காரணம் இரண்டு. ஒன்று, அந்தக் காலத்துச் சோதனை முறை மிக மென்மையானது, அதில் யாரும் ஓட்டாத மாதிரி ஓட்டுவார்கள். இரண்டு, இந்த என்ஜின் மிதி மிதி என்று கூப்பிடும், மிதித்தால் டர்போ பெட்ரோலைக் கேட்கும். டேஷ்போர்டில் "இகோ" என்று ஒரு பொத்தான் இருக்கிறது, அமுக்கினால் இழுவை 145-லிருந்து 100 நியூட்டன் மீட்டராகக் குறையும். மைலேஜ் கூடும்தான், ஆனால் ட்வின்ஏருக்குக் கூடுதல் காசு கொடுத்து வாங்கிவிட்டு அதை 1.2 மாதிரி ஓட்டுவதில் என்ன இருக்கிறது? இன்னொன்று, கிளட்ச் மாற்றும் நாள் வந்தால் ஃப்ளைவீலையும் சேர்த்துப் பார்க்கச் சொல்வார்கள். அந்த பில் 1.2-இன் கிளட்ச் பில் மாதிரி இருக்காது.

டீசல் பற்றி நம் ஆட்களுக்குச் சொல்லவே வேண்டாம். 1.3 மல்டிஜெட், 1248 சிசி. பெயர் புதிதாகத் தெரிகிறதா? ஸ்விஃப்ட் டீசலில், டிசையரில், ரிட்ஸில், இண்டிகா விஸ்டாவில், புண்டோவில், லினியாவில் இருந்தது இதுதான். இந்தியாவின் தேசிய டீசல் என்ஜின் என்றே கிண்டலாகச் சொல்வார்கள். 2020-இல் பிஎஸ்6 என்ற புகை விதி வந்தபோதுதான் மாருதி இதை விட்டது. 2008-இல் ஃபியட் 500 இந்தியாவுக்கு இறக்குமதியாக வந்தபோது அதிலும் இதே 1.3 டீசல், விலை சுமார் 15 லட்சம். ஐந்தாறு லட்சத்துக்கு ஸ்விஃப்டில் கிடைக்கும் என்ஜினுக்கு யார் 15 லட்சம் கொடுப்பார்கள்? விரல் விட்டு எண்ணுகிற அளவுக்குத்தான் விற்றது, அதில் ஆச்சரியமில்லை.

என்ஜின் நல்ல என்ஜின். பெல்ட் இல்லை, செயின். ஆனால் செயின் என்றால் சாகாவரம் என்று அர்த்தமில்லை, ஆயிலை இழுத்தடித்து மாற்றினால் செயின் நீண்டுவிடும், காலையில் ஸ்டார்ட் பண்ணியதும் டைமிங் பக்கம் ஒரு கலகலப்பு கேட்கும். காது கொடுத்துக் கேளுங்கள். உங்கள் 2010 வண்டி 75 குதிரைத்திறனா 95-ஆ என்று விளம்பரத்தில் இல்லை, பதிவுப் புத்தகத்தில் பாருங்கள். 75 என்றால் இழுவை 145 நியூட்டன் மீட்டர், 95 என்றால் 200. நெடுஞ்சாலையில் அந்த வித்தியாசம் பெரிது. இருந்தாலும் உங்களுக்கு டீசல் வேண்டாம் என்பதுதான் என் கருத்து. பின்னால் புகைக்கரியைப் பிடித்து வைக்கும் வடிகட்டி இருக்கிறது. அது தன்னைத்தானே எரித்துச் சுத்தம் செய்துகொள்ள சைலன்சர் பக்கம் நன்றாகச் சூடேற வேண்டும், அதற்கு நெடுஞ்சாலையில் ஒரே மூச்சாக ஓட வேண்டும். வீட்டிலிருந்து கல்லூரிக்கு நாலு கிலோமீட்டர், நடுவில் பன்னிரண்டு சிக்னல் என்றால் பாதி எரியும்போதே வண்டியை அணைப்பீர்கள், கொஞ்ச நாளில் அடைத்துக்கொள்ளும். மாதம் இரண்டு தடவை மிலான் போவது அதற்குப் போதாது. போதாக்குறைக்கு டூரினில் குளிர்காலத்தில் பழைய டீசல்களுக்குக் கட்டுப்பாடு போடுகிறார்கள், வருஷா வருஷம் அந்தக் கயிறு இறுகிக்கொண்டுதான் வருகிறது. இதைப் பற்றி இவ்வளவு போதும்.

இப்போது டூயலாஜிக். விளம்பரத்தில் ஆட்டோமேட்டிக் என்று போட்டிருக்கிறார்கள், பொய்யில்லை, ஆனால் முழு உண்மையும் இல்லை. அது உங்கள் 1.2-இல் இருக்கும் அதே ஐந்து கியர் மேனுவல் பெட்டி, அதே கிளட்ச் தட்டு. கிளட்சை மிதிக்கிற காலுக்கும் கியரை மாற்றுகிற கைக்கும் பதிலாக மேலே ஒரு ஹைட்ராலிக் யூனிட் உட்கார்ந்திருக்கிறது: ஒரு மின்சாரப் பம்ப், அழுத்தத்தைச் சேர்த்து வைக்கும் ஒரு குடுவை, சில வால்வுகள், இவற்றையெல்லாம் மேய்க்க ஒரு கம்ப்யூட்டர். மக்னெட்டி மரெல்லி என்கிற இத்தாலிய உதிரிபாக நிறுவனத்தின் சரக்கு. ஊரில் 2014-இல் செலரியோவில் வந்த ஏஎம்டியும் இதே நிறுவனத்தின் இதே வழி. செலரியோ ஓட்டியிருந்தால் அந்தத் தலையாட்டல் ஞாபகம் இருக்கும். ஒன்றிலிருந்து இரண்டுக்குப் போகும்போது ஒரு கணம் இழுவை அறுந்து, வண்டி யோசித்து, அப்புறம் மறுபடி இழுக்கும். பழகினவர்கள் கியர் மாறப்போகிற நேரத்தில் ஆக்ஸிலரேட்டரை ஒரு நூல் தளர்த்துவார்கள், அப்போது தலை ஆடாது. அதாவது ஆட்டோமேட்டிக் வாங்கிவிட்டு மேனுவல்காரன் மாதிரி யோசிக்க வேண்டும்.

"பி" என்கிற நிலை இதில் கிடையாது. நியூட்ரல், ரிவர்ஸ், ஆட்டோ, கூட்ட, குறைக்க, அவ்வளவுதான். நிறுத்தும்போது கியரில் விட்டு அணைத்து ஹேண்ட் பிரேக் போட வேண்டும். நியூட்ரலில் விட்டு மேட்டில் நிறுத்திவிட்டு காபி குடிக்கப் போகாதீர்கள். பிரேக்கிலிருந்து காலை எடுத்தால் வண்டி தானாக ஊரும் என்றும் எதிர்பார்க்காதீர்கள். மேட்டில் ஆக்ஸிலரேட்டரை லேசாகக் கொடுத்தே வண்டியைப் பிடித்து நிற்கலாம் என்று சிலர் செய்வார்கள், அது சுத்தமான ஹாஃப் கிளட்ச், கிளட்ச் தட்டு அங்கேயே தீயும்.

சோதிப்பது எப்படி? வண்டி ராத்திரி முழுக்க நின்று குளிர்ந்திருக்கும்போது போங்கள். ஓட்டுநர் பக்கக் கதவைத் திறந்து அமைதியாக நில்லுங்கள். முன்பக்கத்திலிருந்து சில வினாடி "ர்ர்ர்" என்று ஒரு சத்தம் வரும், பம்ப் அழுத்தம் ஏற்றுகிறது, அது நல்லதுதான். அப்புறம் ஸ்டார்ட் பண்ணி நின்ற இடத்திலேயே பிரேக்கை மிதித்துக்கொண்டு நியூட்ரல், ஒன்று, நியூட்ரல், ரிவர்ஸ் என்று ஐந்தாறு தடவை மாற்றுங்கள். ஒவ்வொரு மாற்றத்துக்கும் பம்ப் ஓடி ஓடி மூச்சு வாங்கினால் அந்தக் குடுவை தளர்ந்துவிட்டது என்று அர்த்தம். பிறகு ஒரு மேட்டில் நிறுத்தி எடுத்துப் பாருங்கள், உதறினாலோ கருகல் வாசனை வந்தாலோ கிளட்ச். இரண்டும் இல்லையென்றால் தைரியமாக வாங்கலாம், நான் டூயலாஜிக்குக்கு எதிரி இல்லை. முழங்கால் வலி உள்ளவர்களுக்கும் இத்தாலிய நெரிசலில் இடது காலுக்கு விடுமுறை வேண்டுபவர்களுக்கும் அது உதவிதான். ஆனால் 1.2-ஐ நான் சிபாரிசு செய்வதற்கான முக்கியக் காரணம் அதில் கெட்டுப்போகப் பொருள் குறைவு என்பது. அதன்மேலேயே ஒரு பம்பையும் கம்ப்யூட்டரையும் ஏற்றி உட்கார வைத்தால் அந்தக் காரணம் பாதி போய்விடுகிறது.

மாமா மகன் விஷயம். அவர் சொன்னதும் உண்மைதான். அமெரிக்காவுக்குப் போன 500 மெக்சிகோவின் டொலூகாவில் செய்யப்பட்டது. என்ஜின் 1.4 மல்டிஏர், நாலு சிலிண்டர், 101 குதிரைத்திறன். ஆட்டோமேட்டிக் என்று அங்கே விற்றது ஜப்பானின் ஐசின் செய்த ஆறு கியர் பெட்டி, கிளட்ச் தட்டுக்குப் பதிலாக ஆயில் வழியாக இழுவையைக் கடத்தும் டார்க் கன்வெர்ட்டரோடு, "பி" நிலையோடு, முழுமையான ஆட்டோமேட்டிக். பெயரும் முகமும் ஒன்று, பெட்டி வேறு. அவருடைய ஆறு வருஷத்து நிம்மதி டூரினில் நிற்கும் டூயலாஜிக்குக்குச் சான்றிதழ் ஆகாது. இதே மாதிரி யாராவது "அபார்த் ஓட்டிப் பார், 500 என்றால் என்ன என்று தெரியும்" என்று கிளப்பிவிடுவார்கள். அது 500-இன் வேக வகை, 1.4 டர்போ, 135 குதிரைத்திறனில் ஆரம்பித்து 2014-இல் வந்த 695 பிபோஸ்டோவில் 190 வரை போனது. அந்த 695-க்கு ரேஸ் வண்டிகளில் இருக்கிற மாதிரி சிங்க்ரோ இல்லாத டாக் கியர் பாக்ஸைக்கூடக் கூடுதல் காசுக்குக் கொடுத்தார்கள். 1957-இல் சிக்கனத்துக்காக வைக்காமல் விட்ட சிங்க்ரோவை 2014-இல் சொகுசு விலைக்கு எடுத்துவிட்டார்கள், என்னத்தைச் சொல்ல.

இன்னும் கொஞ்சம் காசு சேர்த்து 2020-க்குப் பிறகான வண்டி எடுக்கலாமா என்றும் கேட்டிருந்தீர்கள். அதில் 1.0 ஃபயர்ஃப்ளை, மூன்று சிலிண்டர், 70 குதிரைத்திறன், ஆறு கியர் மேனுவல். "ஹைப்ரிட்" என்று பின்னால் எழுதியிருப்பார்கள், ஆனால் மின்சாரத்தில் தனியாக ஓடாது. ஆல்டர்னேட்டர் இருக்கும் இடத்தில் 12 வோல்ட் ஸ்டார்ட்டர்-ஜெனரேட்டர் ஒன்று, பெல்ட்டில் சுழன்று, கிளம்பும்போது கொஞ்சம் கைகொடுக்கும், பிரேக் போடும்போது கொஞ்சம் மின்சாரத்தைத் திருப்பி எடுக்கும். 0-விலிருந்து 100-க்கு 13.8 வினாடி, உங்கள் 2011 வண்டியைவிட மெதுவு! ஆறாவது கியர் இருப்பதால் மிலான் ரோட்டில் காதுக்கு நிம்மதி, அதுதான் முக்கிய லாபம். அந்த விலை வித்தியாசத்துக்கு நான் போக மாட்டேன். ஒரு கூத்து மட்டும் சொல்கிறேன். 2020-இல் மிராஃபியோரி ஆலையில் மின்சாரத்துக்கென்றே புதிதாக ஒரு 500 செய்தார்கள், அது எதிர்பார்த்த அளவு விற்கவில்லை என்றதும் 2025 இறுதியில் அதே மின்சார வண்டிக்குள் இடம் பண்ணி இந்த 1.0 என்ஜினையும் ஆறு கியர் பெட்டியையும் இறக்கிவிட்டார்கள். ஜாக்கோசா இருந்திருந்தால் சிரித்திருப்பார்.

ஆக, தம்பி, என் மனசு ட்வின்ஏர் பக்கம், என் புத்தி 1.2 மேனுவல் பக்கம். உங்கள் காசு என்பதால் புத்தி சொல்வதையே சொல்கிறேன். அந்த 2013 ட்வின்ஏருக்கு சரியான தர ஆயில், வருஷா வருஷம் மாற்றியதற்கு ரசீதோடு சர்வீஸ் புத்தகம் இருந்தால், அப்போது மட்டும் எனக்கு மறுபடி எழுதுங்கள், நான் மனசை மாற்றிக்கொள்ளத் தயாராக இருக்கிறேன்.

சனிக்கிழமை 1.2-ஐப் பார்க்கப் போகும் முன் விற்பவருக்கு ஃபோன் போட்டு ஒரே கேள்வி: பெல்ட் எப்போது மாற்றியது, ரசீது இருக்கிறதா? இல்லை என்றால் அந்தச் செலவை விலையில் கழிக்கச் சொல்லுங்கள். கழித்தால், நேராகப் பக்கத்துத் தெரு மெக்கானிக்கிடம் போய் பெல்ட்டை மாற்றிவிட்டு அப்புறம் மிலான் போங்கள். மாற்றுவதற்கு முன்னால் வேண்டாம், அந்த ஒரு வாரம் ரயில் இருக்கிறது.